ராணி தும்மினால்தான் சவாரி

நுவரெலியா வாவிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பிழைப்புத் தரும் எங்கள் குதிரை ராணி. ஒருநாள் தோட்டத்துப் பாதையில் வீடு திரும்பும்போது தூறல். கொழுந்து பறிக்கையில் மனைவி இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பை, அந்தப் படங்கை, போர்த்திக்கொள்ளச் சேணத்தில் இருந்தபடியே படபடவென்று உதறினேன். ராணி மிரண்டு பாய்ந்து, முன்காலைப் பாதையோரத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விட்டது. நான் தேயிலைச் செடிக்குள்.

"அசையாதீங்க! மறுபடி மிரண்டா கால் ஒடிஞ்சிரும்," என்றாள் கூட வந்த மனைவி. விழுந்தபடியே கிடந்தேன். அவள் ராணியின் கழுத்தைத் தடவி, பேசிப் பேசியே காலை வெளியே எடுக்கவைத்தாள். நல்லவேளை, சிராய்ப்புதான்.

"எனக்கும் மருந்து போடேன்."

"படங்க உதறுனது ராணியா? பொறுங்க."

காயம் ஆறியும் படங்கைக் கண்டால் ராணிக்கு நடுக்கம். ராணியைக் கண்டால் எனக்கு. படங்கைத் தரையில் விரித்து, ராணியும் நானும் சேர்ந்தே மிதித்து நடந்து பழகினோம்.

இப்போது தூறினால் உடனே இறங்கிவிடுகிறேன். ராணி படங்கை முகர்ந்து, அதன்மேல் தும்மிய பிறகே போர்த்திக்கொண்டு ஏறுகிறேன். அதற்குள் எப்படியும் நனைந்துவிடுகிறேன்.