சாந்தகுமார் சேர் வைத்த பரீட்சை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், லிஃப்ட் இல்லாத பழைய ஃப்ளாட்ஸ். நாலாம் மாடியில் தனியே இருக்கிறார் சாந்தகுமார் சேர். ஏ.எல். பிள்ளைகளுக்கு அளவையியல், அதுதான் தர்க்கம், படிப்பித்தே தலை நரைத்த மனுசன். மனுசர் எல்லாரும் சுயநலக்காரர் என்பதை அவர் எத்தனையோ தரம் நிறுவியாயிற்று, கேட்கத்தான் ஆளில்லை. ஏன் சேர் கலியாணம் கட்டவில்லை என்றால், "ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு சுயநலம் எதுக்கு?" என்பார். கெட்டிக்காரப் பதில்தான். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருமா அந்தப் பதில்?

போன கிழமை குளியலறையில் அவருக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துத் தப்பிவிட்டார். ஆனால் அன்றைக்குப் பிடித்த பயம் விடவேயில்லை. விழுந்து கிடந்தால் எவன் வந்து பார்ப்பான்? நாற்றம் அடித்தால்தானே கதவை உடைப்பார்கள்!

அந்த ஃப்ளாட்ஸில் ஒரு பழக்கம். காலையில் பாண் ரொட்டி விற்கும் சப்ரியின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால், மேல்மாடிக்காரர் காசு போட்ட பையைக் கயிற்றில் கட்டி பல்கனியால் இறக்குவார்கள். சேரின் பையும், நேர் கீழே மூன்றாம் மாடியில் தனியாயிருக்கும் பிறிஜெற் என்ற மனுசியின் பூப்போட்ட பையும் பக்கத்தில் பக்கத்தில் இறங்கும்.

நேற்று பூப்போட்ட பை இறங்கவில்லை. சப்ரி அண்ணாந்து பார்த்தான், ரெண்டு தரம் ஹோர்ன் அடித்தான், போய்விட்டான். சேர் மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். 'கொட்டாஞ்சேனையில தங்கச்சி வீட்டை போயிருப்பா' என்று நினைத்துக்கொண்டார். பிறகு, 'பார்த்தியா, ஒருத்தரும் தேடேல்லை! எனக்கும் இதுதான் நடக்கும்' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த 'ஒருத்தரும்' என்பதில் தானும் ஒருத்தர் என்பதை அளவையியல் வாத்தியார் கணக்கில் எடுக்கவில்லை.

இன்றைக்கு அவர் பரீட்சை வைத்தார். பையை இறக்காமல் கதவருகில் கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். யாராவது தேடி வருவார்களா என்று பார்ப்போம்.

பாட்டு வந்தது. ஹோர்ன் அடித்தது. காதைக் கதவோடு வைத்துக்கொண்டிருந்தார். குளியலறைப் பைப்பில் டொக், டொக் என்று ஒரு சத்தம். நேற்றிலிருந்து இதே கரைச்சல். 'சனியன் பிடிச்ச பைப்!' என்று எழும்பிப் போய் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

கீழே காலடிச் சத்தம். மூன்றாம் மாடியில் ஏதோ தட்டுகிற சத்தம். பிறகு காலடி இன்னும் மேலே ஏறி, அவருடைய கதவிலும் தட்டியது. சேருக்குக் கண் கலங்கிவிட்டது. வந்திட்டான்! ஆனாலும் பேசாமலிருந்தார். ரெண்டாந்தரமும் தட்டுவானா?

தட்டினான். "சேர், ஈக்கிறீங்களா? கீழ் மாடி அன்டிட பை நேத்தும் வரல்ல, இண்டைக்கும் வரல்ல. தட்டினேன், பேச்சில்ல. உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

தன்னைத் தேடி வரவில்லை. முகத்தில் அறைந்ததுபோல இருந்தது சேருக்கு. அந்த ரோசம் ஒரு கணம்தான். அடுத்த கணம் அந்த டொக் டொக் என்னவென்று விளங்கிவிட்டது. தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து, சப்ரியையும் கூட்டிக்கொண்டு கீழே ஓடினார்.

சப்ரி பூட்டை உடைத்தான். பிறிஜெற் குளியலறை நிலத்தில், கால் ஒருபக்கம் மடிந்தபடி கிடந்தா. கையில் நெளிந்துபோன அலுமினியக் கோப்பை. பக்கத்தில், நாலாம் மாடிக்கு ஏறும் பைப்.

சப்ரி அம்புலன்சுக்கு ஃபோன் எடுக்க, சேர் குனிந்து அவவின் வாயில் தண்ணீர் விட்டார்.

"நேற்றிலேருந்து தட்டினனான், சேர். நீங்கள் வீட்டைதானே இருப்பியள், கேட்கும் எண்டு நினைச்சன்."

"கேட்கேல்லை," என்றார் சேர்.

"அதுதானே! கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பியளே," என்று பிறிஜெற் அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தா.