மாமரத்தடியில் மரத்தூள்

இன்று ஆரப்பாளையம் பூச்சிமருந்துக் கடையில், பாதி காய்ந்துபோன எங்கள் வீட்டு மாமரத்தின் போட்டோவைக் காட்டினேன். அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது என்றேன்.

கடைக்காரர் உற்றுப் பார்த்தார். "தண்டு துளைக்கிற புழுண்ணே. உள்ளுக்குள்ள அரிச்சு வெறுங்கூடாப் போயிருக்கும். கிளையில தொங்குறது ஊஞ்சலா?"

"ஆமாண்ணே, மகளுக்குக் கட்டுனது."

"முதல்ல வீட்டுக்குப் போன் போடுங்க."

நான்கு முறை அடித்தும் மனைவி எடுக்கவில்லை. கடைக்காரர் கொடுத்த மருந்தோடு பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

மகள் ஊஞ்சலில்தான் ஆடிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கி மனைவியிடம் கொடுத்தேன். பிறகு தள்ளி நின்று கயிற்றை இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் கிளை முறிந்து விழுந்தது.

அடிமரத்தில் இருந்த துளைக்குள் கம்பி விட்டுப் புழுவை எடுத்து, மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, களிமண்ணால் அடைத்திருக்கிறேன். மரம் பிழைக்குமா, தெரியவில்லை.

"இன்னொரு கிளையில கட்டுப்பா" என்கிறாள் மகள்.

அவளுக்கு என்ன பதில் சொல்ல? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இப்போது பக்கத்தில் நிற்கிற வேப்பமரத்தைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது.