இயேசு வந்துவிட்டுப் போன சாயங்காலம்

மற்ற வீட்டுப் பிள்ளைகள் பூச்சாண்டிக்குப் பயந்தார்கள். நான் இயேசுவுக்குப் பயந்தேன். அதை வெளியே சொல்லவும் வழியில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் அவர் எப்போது வருவார் என்று ஆசையோடு காத்திருந்தார்கள்.

அதிகம் ஆசைப்பட்டவர் அப்பாவின் அக்கா. இதயத்தில் ஏதோ வால்வு கெட்டுப்போய், கொல்லிமலையில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். அப்பாவுக்குத் திருப்பூரில் கட்டட வேலை. மலையில் தேவனூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் ஊரில் சபைக்குப் போகிற வீடுகள் கொஞ்சம்தான். தினமும் சாயங்காலக் குடும்ப ஜெபத்தை அத்தைதான் முடித்துவைப்பார். "ஆண்டவரே, உங்க மொகத்தப் பாக்கோணும். இன்னைக்கே வாங்க" என்பார். நானும் சத்தமாக ஆமென் சொல்லிவிட்டு, கொல்லையில் இருக்கும் பலா பழுத்த பிறகு வந்தால் போதும் என்று மனதுக்குள் சேர்த்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தும் அக்கா வேறு விவரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். இயேசு வரும்போது அவரை விசுவாசிக்கிறவர்களைக் கண்மூடித் திறப்பதற்குள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்வாராம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும், வாசலில் செருப்பு கிடக்கும், ஆள் மட்டும் இருக்காது. சொன்னவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். கேட்ட நான் அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அம்மா இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்வேன்.

அன்று பள்ளி விட்டு வரும்போது மேகம் தரை வரைக்கும் இறங்கியிருந்தது. வீடு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்பில் சோறு கொதித்து, கஞ்சி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன், பதிலில்லை. எழுந்து நடந்தாலே மூச்சிரைக்கும் அத்தை கட்டிலில் இல்லை. போர்வை மட்டும் கிடந்தது. வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். இருவருடைய செருப்புகளும் அங்கேயே இருந்தன.

அம்மாவின் செல்போன் அலமாரியில் இருந்தது. அப்பாவுக்கு அடித்தேன். நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. திருப்பூரிலிருந்து அப்பாவையும் எடுத்துக்கொண்டாயிற்று.

பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. வாசலில் நிற்கும் ஜீப்பையும் காணோம். பரலோகத்துக்கு ஜீப் எதற்கு என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. எனக்குக் கணக்கு தெளிவாகிவிட்டது. அத்தை கேட்டபடி அத்தைக்குக் கொடுத்துவிட்டார், நான் கேட்டபடி எனக்கும் கொடுத்துவிட்டார். என் ஜெபத்தை அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இனி யார் எனக்குத் தலை சீவிவிடுவார்கள் என்று நினைத்ததும், நடுரோட்டில் நின்று ஓவென்று அழுதேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மாட்டைப் பிடித்துக்கொண்டு மேகத்துக்குள்ளிருந்து வந்தார். அவரைப் பார்த்ததும் அழுகை கூடியது. அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர் இங்கே இருப்பதில் ஆச்சரியமில்லை. நான் இருப்பதுதான் கொடுமை.

"இயேசு வந்துட்டுப் போயிட்டாருங்களா?" என்று கேட்டேன்.

"அது யாரு கண்ணு? ஜீப்புல உங்கம்மா, பாஸ்டரு, அவரு சம்சாரம், அவ்வளவு பேருதான் இருந்தாங்க. உங்கத்தைக்கு மூச்சு முட்டிருச்சு. தூக்கிப் போட்டுக்கிட்டு கீழ ஆஸ்பத்திரிக்கு ஓடிருக்காங்க. நீ எங்கூட்டுக்கு வா" என்றார்.

நான் சிரித்தேன். அத்தைக்கு ஆபத்து என்று சொன்னால் இந்தப் பிள்ளை சிரிக்கிறதே என்று பெரியம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுக்குள் போய் அடுப்பை அணைத்தார்.

சில நாள் கழித்து அத்தை பாதி ஆளாகத் திரும்பி வந்தார். அன்றைய ஜெபத்தையும் அவரே முடித்தார். "ஆண்டவரே, உங்களப் பாக்கோணுங்கற ஆச அப்படியேதான் இருக்குது. எப்பன்னு நீங்களே பாத்துக்குங்க."

'இன்னைக்கே' என்ற சொல் வராதது எனக்கு உடனே உறைத்தது. ஜெபம் முடிந்ததும், ஏன் அத்தை மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அத்தை என்னைக் கட்டிலுக்கு அருகே இழுத்துக்கொண்டார்.

"வளைவுல வண்டி எறங்கறப்போ ரொம்பப் பயந்துட்டேன் கண்ணு. இப்ப வேண்டாங்க ஆண்டவரேன்னு கெஞ்சிட்டேன். அவரு கோவிச்சுக்கலை. கூடவே இருந்தாரு. இனி நாளு நேரமெல்லாம் அவரு பாடு."

அவர் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத ஓர் அமைதி. எனக்கு அத்தை மேல் பரிதாபமாக இருந்தது. ஆஸ்பத்திரி ஊசியில் விசுவாசம் குறைந்துபோய்விட்டது என்றே நினைத்தேன். பழையபடி அதைக் கூட்டிக் கொடுக்கும்படி அவருக்காக வெகுநாள் யாருக்கும் தெரியாமல் ஜெபம் செய்துவந்தேன்.