எஞ்சின்காரரின் காது மிஷின்

கப்பலின் எஞ்சின் அறையில் இருபத்தெட்டு வருஷம் நின்றதில் எஞ்சின்காரருக்கு இரண்டு காதும் போய்விட்டன. முன்னாள் கடற்படையினருக்கான உதவிச் சங்கத்தில் காது மிஷின் தருகிறார்கள் என்று மனைவி அவரை இழுத்துவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தாள். சான்றிதழை நகல் எடுக்க அவள் வெளியே போன நேரம் பார்த்தா செயலாளர் அவர் பெயரை வாசிக்க வேண்டும்! மூன்று தடவை வாசித்தும் அவர் எழாததால், கடைசி மிஷின் அடுத்தவருக்குப் போனது.

ஓடிவந்த மனைவி மல்லுக்கு நின்றாள்.

"உங்க மூக்குக்கு நேரா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரே, ஐயா!"

"தொண்டை கிழியக் கத்தினேம்மா. காது கேக்கலைன்னா நான் என்ன செய்ய? அடுத்த வருஷம் வாங்க."

மேடையில் அடுத்தவர் காதில் மிஷினை மாட்டினார்கள். கூட்டம் கைதட்டியது. அதைப் பார்த்து எஞ்சின்காரரும் சிரித்துக்கொண்டே பலமாகத் தட்டினார்.