ரெம்பியாவில் ரெண்டு கண்டம்

பாச்சாங் ஊரைச் சேர்ந்த ரோசலினுக்கு வயது முப்பத்தொன்று. ஏழு ஆண்டுகளாக மணற்கல்லை ஒளி ஊடுருவும்வரை தேய்த்து, நுண்ணோக்கியில் மணல் மணிகளை எண்ணி வருகிறாள். ஒரு துண்டுக்கு முந்நூறு மணி. குவார்ட்ஸ் எத்தனை, ஃபெல்ட்ஸ்பார் எத்தனை என்று கணக்கிட்டால், அந்த மணல் எரிமலையிலிருந்து வந்ததா, கண்டங்கள் மோதி எழுந்த மலையிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். இது அவளுடைய நம்பிக்கை. அவளுடைய பேராசிரியருக்கு அவ்வளவு இல்லை.

இந்த ஊர் மழையில் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும். அதனால் புதிதாக வெட்டிய கல் வேண்டும். ரெம்பியாவில் சிவசாமி என்பவர் சமையலறையை நீட்டுவதற்காக வீட்டின் பின்மேட்டை வெட்டியிருந்தார். மதியம் அதன்மேல் சிமெண்டு பூசப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலையிலேயே போய் நின்றாள். ஆய்வேட்டின் கடைசி அட்டவணை அந்தக் கல்லுக்காகக் காத்திருந்தது.

படித்ததெல்லாம் மலாயில் என்பதால், வழியெல்லாம் தமிழில் சொல்லிப் பழகியிருந்தாள்.

"அங்கிள், உங்க வீட்டுக்குப் பின்னால ரெண்டு கண்டம் இருந்திருக்கு. இந்தக் கல்லுதான் சாட்சி."

சிவசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டா?" என்றாள் அவர் மனைவி ராமாத்தாள். "அறுபதுல ஒண்ணுன்னுதானே ஜோசியர் சொன்னாரு!"

ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் ரோசலின் வீட்டில் யாருக்கும் ஜாதகம் கிடையாது. கண்டம் என்றால் அவளுக்கு ஆசியா, ஆப்பிரிக்காதான். "ரெண்டும் மோதிக்கிச்சு ஆன்ட்டி," என்று உற்சாகமாகத் தொடர்ந்தாள்.

"காரா, லாரியா?" என்றார் சிவசாமி, மெல்லிய குரலில்.

ராமாத்தாள் மேட்டை மறித்து நின்றுகொண்டாள். "பரிகாரம் பண்ணாம யாரும் அதுல கை வைக்கக்கூடாது."

கால் மணி நேரம் விளக்கியும் பலனில்லை. கடைசியில் ரோசலின் மலாயிலேயே கத்திவிட்டாள்: "பெனுவா ஆன்ட்டி, பெனுவா! ஆசியா பெனுவா!"

சிவசாமிக்கு மூச்சு வந்தது. "அத மொதல்லயே நல்ல தமிழ்ல சொல்றதுக்கு என்னம்மா?"

ராமாத்தாள் விடவில்லை. "எதுவா இருந்தாலும் மோதல் மோதல்தானே. முடிஞ்சிருச்சா?"

"இருபது கோடி வருஷமாச்சு ஆன்ட்டி."

"அப்ப எழுதிக் குடு."

ரோசலின் குறிப்பேட்டில் எழுதினாள்: இங்கு மோதல் முடிந்துவிட்டது. அடுத்தது திரு. சிவசாமியின் ஆயுளுக்குள் வராது.

ராமாத்தாள் இரண்டு முறை படித்தாள். "ஆயுள்னா எத்தனை வயசுன்னு போடலையே?"

"அது கல்லுல தெரியாது ஆன்ட்டி."

"எண்பத்தஞ்சுன்னு போட்டுரு லா."

வாசலில் சிமெண்டு லாரி வந்து நின்றது. அவருக்கு எண்பத்தைந்து வயது ஆகும்வரை இங்கே எந்தக் கண்டமும் மோதாது என்று ரோசலின் திருத்தி எழுதினாள். அறிவியல்படி அதில் பிழை கிடையாது. சிவசாமி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, லாரிக்காரரைக் காத்திருக்கச் சொன்னார்.

"ஒடைச்சுக்கம்மா, எவ்வளவு வேணுமோ."