சீர்த்தட்டில் வந்த கண்ணாடி ஜாடி

போன சித்திரை மாதம் நடந்தது இது. ராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகிற கடற்கரைச் சாலையில், உப்பூருக்குக் கொஞ்சம் தள்ளி, பனங்காட்டுக்குள் என் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயில் இருக்கிறது. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். எங்கள் ஐந்து வயது மகளுக்கு அங்கேதான் மொட்டை போட்டுக் காது குத்தினோம்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் டப்பிங் பேசுகிறவள். கதாநாயகிகளுக்கு இல்லை, குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் ஒன்றில் வரும் அணில்குட்டிக்கு. முகத்தை வைத்து என்னை யாருக்கும் தெரியாது. ஆனால் பஸ்ஸில் அந்தக் கீச்சுக் குரலில் இரண்டு வார்த்தை பேசினால் போதும், பிள்ளைகள் சீட்டை விட்டு எழுந்து வந்துவிடும். அந்த அணிலுக்குக் கண்ணாமூச்சி என்றால் உயிர். "கண்ணை மூடிக்கோ! நான் வான்னு சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது!" என்று ஒவ்வொரு கதையிலும் ஒரு தடவையாவது சொல்லிவிடும்.

காதுகுத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு கதை பேசினேன். அணிலின் குரலில் மயங்கிப்போன ஒரு கீரிப்பிள்ளை, அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருகிறது. கடைசியில் அணிலைப் பிடித்து ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு மூடுகிறது. மூச்சு விட மூடியில் ஓட்டையும் போட்டு வைக்கிறது. "இனிமேல் எனக்காக மட்டும் பேசு" என்கிறது. அணில் அழ, கீரிக்கு மனசு இளகி மூடியைத் திறந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. அந்த அழுகையும் பயமும் மட்டும் எனக்கு வரவே இல்லை. "மேடம், பயப்படுற மாதிரியே இல்ல, கொஞ்சுற மாதிரி இருக்கு" என்று ஒலிப்பதிவு செய்தவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் சிரித்துச் சிரித்து, திரும்பத் திரும்பப் பேசி, ஒருவழியாக முடித்தோம். காதுகுத்துக்கு முன்பே அது டி.வி.யிலும் வந்துவிட்டது.

விசேஷத்துக்கு வருகிறேன். என் அண்ணன்தான் தாய்மாமன். விட்டுக்கொடுப்பாரா? சாலை முக்கில் ஒரு பேனர் வைத்துவிட்டார். அதில் என் மகளைவிட என் படம் பெரிதாக இருந்தது, பக்கத்தில் அணில், கீழே கோயில், தேதி, நேரம் எல்லாம். அண்ணனோடு சுற்றும் சேக்காளிகள் அதைப் படம் எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம் போட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். விசேஷ வீட்டுக்கு வருகிறவரைப் பார்த்து "வாங்க" என்று கேட்காவிட்டால் அது பெரிய குற்றம். அந்த ஒரு சொல்லுக்காகப் பந்தியிலிருந்து எழுந்து போனவர்கள் உண்டு, பேச்சுவார்த்தை அறுந்துபோன குடும்பங்கள் உண்டு. அதைவிடப் பெரிய குற்றம், "நீங்க யாரு?" என்று கேட்பது. சம்பந்தி வீட்டு ஆளிடம் தெரியாமல் கேட்டுவிட்டால் தொலைந்தது. அதனால் எல்லாரும் எல்லாரையும் "வாங்க, வாங்க" என்றுதான் சொல்வோம்.

மேளம் முழங்க அண்ணன் சீர் கொண்டு வந்தார். பின்னால் வரிசையாகத் தட்டுகள். அந்த வரிசையில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரும் தட்டோடு வந்தார். வயது நாற்பது இருக்கும், வழித்துச் சீவிய தலை, சாதுவான முகம். என் கணவர் வீட்டார் அவரைத் தாய்மாமன் வீட்டு ஆள் என்று நினைத்து வாங்க என்றார்கள். எங்கள் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்து வாங்க என்றார்கள். என் அம்மா கலர் சோடா வாங்கிக் கொடுத்து உபசரித்தார். நானும்தான் கை கூப்பினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மகளுக்கு மொட்டை முடிந்து தலையில் சந்தனம் பூசினார்கள். அவள் சிணுங்கிக்கொண்டிருந்ததால் என் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, நான் சீர்த்தட்டுகளை ஒழுங்கு பண்ணப் போனேன். பட்டுப்பாவாடை, பழம், பூ, கொலுசு. கடைசித் தட்டைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அணில் படம் போட்ட கவுன், அணில் பொம்மை. நடுவில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதன் தகர மூடியில் ஆணியால் அடித்த ஓட்டைகள்.

வெயில் கொளுத்துகிற நேரம், எனக்கு உடம்பு சில்லிட்டுவிட்டது. "இது யார் கொண்டாந்த தட்டு?" என்றேன்.

"உங்க ஆளுக கொண்டாந்ததுதானே?" என்றாள் நாத்தனார்.

அம்மா குறுக்கிட்டார். "எங்க ஆளா? மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னுல்ல நான் அவுகளக் கவனிச்சேன்!"

அதற்குள் அண்ணன் மணையில் உட்கார்ந்து மடியைத் தட்டினார். "ஏத்தா, மருமகளக் கொண்டாங்க, ஆசாரி காத்துக்கிட்டு இருக்காரு!" மடி காலியாக இருந்தது. நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது. "அந்தத் தட்டக் கொண்டாந்தவுகதான் போன்ல அணிலக் காட்டுனாக. புள்ள அழுகைய நிப்பாட்டுச்சு. கடலக் காட்டிட்டு வாரேன்னு தூக்கிட்டுப் போனாக…"

அதன் பிறகு யார் என்ன கத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆண்கள் சிலர் சாலைக்கு ஓடினார்கள், என் கணவரும் அண்ணனும் கடலுக்கு ஓடினார்கள். நான் எங்கே ஓடுகிறேன் என்று தெரியாமலே பனைகளுக்கு நடுவே ஓடினேன். கருவேல முள் காலில் ஏறியதும் தெரியவில்லை. என் பிள்ளை, என் பிள்ளை என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

அப்போதுதான் என் குரல் எனக்குக் கேட்டது. நான் பேசவில்லை. முள்ளுக்காட்டுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தக் கீச்சுக் குரல் கொஞ்சிக்கொண்டிருந்தது. அந்தப் பயத்தை இன்றுவரை என்னால் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை.

புதருக்குப் பின்னால் மண் பாதையில் ஒரு கார், சாலையைப் பார்த்து நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் சந்தனம் காய்ந்த சின்னத் தலை, குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங் பக்கம் அவர். ஓடிப்போய்க் கதவை இழுத்தேன், பூட்டியிருந்தது. கத்தினால்? ஆட்கள் வருவதற்குள் அவர் காலை அழுத்தினால் கார் சாலைக்கு ஏறிவிடும்.

ஒரு விரல் அளவு இறங்கியிருந்த கண்ணாடியை அவர் இன்னும் கொஞ்சம் இறக்கினார். "வருவீங்கன்னு தெரியும். உங்க பொண்ணுக்கும் அதே குரல்தான் வரும்னு நினைக்கிறேன். நீங்களும் ஏறுங்க" என்றார். கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. பஸ்ஸில் இடம் கொடுப்பதுபோலச் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்ததும் அவர் முகம் சுளித்தார். "அழாதீங்க. அந்தக் கீரி கதை எனக்குப் பிடிக்கலை. மூடியைத் திறந்திருக்கக் கூடாது."

மகள் நிமிர்ந்து, "அம்மா, மாமா நல்ல மாமா" என்றாள்.

எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. சாமிதான் தோன்ற வைத்தது என்று என் மாமியார் சொல்வார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அணில்குட்டியாகப் பேசினேன். "ஐயையோ, காருக்குள்ள உக்காந்து கண்ணாமூச்சி ஆட முடியுமா? இறங்கு, இறங்கு!"

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. நாற்பது வயது முகத்தில் நாலு வயதுப் பிள்ளை எட்டிப் பார்த்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஸ்டுடியோவில் வராத பயமெல்லாம் இப்போது தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஒரு துளி குரலில் கலந்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார். என் குரலை என்னைவிட அதிகம் கேட்டவர் அவர்தானே. குரலைத் துள்ள வைத்தேன். "அதோ அந்தப் பனைமரம்! முகத்தை வச்சுக் கண்ணை மூடிக்கோ! நான் வான்னு சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது!"

பூட்டு டக்கென்று திறந்தது. அவர் இறங்கினார், வேட்டியை மடித்துக் கட்டினார், போய்ப் பனைமரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் கதவைத் திறந்து மகளை வாரி எடுத்தேன். அவள் "நானும் ஒளியணும்" என்று ஏதோ சொல்ல வந்தாள், வாயைப் பொத்தினேன். ஓடினேன். பின்னால் காலடி கேட்கிறதா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. கோயில் வாசலில் அம்மாவின் மேல் போய் விழுந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நான் சொன்ன இடத்துக்கு ஆட்கள் போனபோது அவர் அங்கேயே நின்றிருந்தாராம். முகத்தை மரத்திலிருந்து எடுக்கவில்லை. அண்ணன், "ஏலே, யாருடா நீ?" என்று தோளைப் பிடித்து இழுத்தபோது, கண்ணைத் திறக்காமலே, "இன்னும் வான்னு சொல்லலை" என்றாராம். போலீஸ் வந்து ஜீப்பில் ஏற்றும்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் ஏறினார் என்றார்கள். பிற்பாடு வெளியூரிலிருந்து அவருடைய அக்கா வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுததாகக் கேள்விப்பட்டேன். பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக என் மேலேயே கோபமும் வந்தது.

அன்றைக்கே மகளுக்குக் காது குத்தினோம். ஆசாரி ஊசியை வைத்தபோது அவள் வீறிட்டு அழுதாள். அவள் அழுகையைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தல் வாசலில் நான்தான் நிற்கிறேன். தெரியாத முகமாக இருந்தால், "வாங்க, நீங்க எந்த வீட்டு ஆளு?" என்று கேட்டுவிடுகிறேன். கோபித்துக்கொண்டு திரும்பிப் போனவர்களும் உண்டு, போகட்டும். அணில்குட்டிக்கு இன்னும் நான்தான் பேசுகிறேன். கண்ணாமூச்சி வசனம் வரும், ஒளிந்துகொண்ட பிறகு "வா!" என்று கூவுகிற இடமும் வரும். மைக் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம், எங்கேயோ ஒரு பனைமரத்திலிருந்து ஒருவர் மெல்ல முகத்தை எடுத்துத் திரும்புகிறார் என்று எனக்குத் தோன்றாத நாளே இல்லை.