லோடு குந்திச்சா?

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அப்பாவின் வாயிலிருந்து "குந்திச்சா?" என்ற கேள்வியை ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. மூத்த மகள் என்ற முறையில் எழுதச் சொன்னார்கள். எனக்கு அந்த ஒரு சொல்தான் நினைவுக்கு வருகிறது.

அப்பா பிறந்தது பாரிவாக்கத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில். நிலம் மனைகளாகிக் கைவிட்டுப் போனதும், திருமழிசை தொழிற்பேட்டையில் லோடு கட்டும் வேலையில் சேர்ந்தார். பக்கச் சுவர் இல்லாத டிரெய்லர்களில் ஏற்றும் இரும்புச் சுருளும் இயந்திரமும் நகராதபடி சங்கிலியும் பெல்ட்டும் போட்டு இறுக்குகிற வேலை அது. சேர்ந்த புதிதிலேயே பெல்ட் இறுக்கும் கைப்பிடி தெறித்து முன்பல் போயிற்று. "பல்லு தானே போச்சு, மூஞ்சி கீதே" என்று மறுநாளே வேலைக்குப் போனவர் அவர். அந்த ஓட்டைப் பல்லோடுதான் எங்கள் கல்யாண போட்டோக்களில் எல்லாம் தாராளமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

கட்டி முடித்தால் வேலை முடிந்தது என்று அப்பா நினைத்ததே கிடையாது. வண்டி கிளம்பியதும் மொபெட்டில் பின்னாலேயே போவார். நெடுஞ்சாலையில் சற்றுத் தூரத்தில் இருக்கும் டீக்கடையருகே நிறுத்தச் சொல்லி, "லோடு குந்திச்சா?" என்று கேட்டபடியே ஒவ்வொரு பெல்ட்டையும் தட்டிப் பார்த்து மறுபடி இறுக்குவார். "வண்டி குலுங்கினா சரக்கு நல்லா குந்தும். சரக்கு குந்தினா பெல்ட்டு தளந்துபூடும். அப்பால போய் பாக்காதவன் கட்டவே வாணாம்" என்பார்.

டிரைவர்களுக்கு இது பெரிய தொல்லை. டிரைவர் சேகர் அண்ணன் ஒரு நாள் அவசரத்தில் கத்தியே விட்டாராம். "இன்னா நைனா, கட்டியாச்சுன்னா கட்டியாச்சு. உட்டா மதுரை வரைக்கும் பின்னாலயே வருவியா?" அப்பா பெல்ட்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். அது தொட்டில் கயிறு மாதிரி ஆடியது. இறுக்கிய பிறகுதான் விட்டார். அன்று வழியில் முன்னால் போன பஸ் திடீரென்று நிற்க, சேகர் அண்ணன் பிரேக்கின் மேல் ஏறி நிற்க வேண்டியதாயிற்று. பின்னாலிருந்த இரும்புச் சுருள் இடம் மாறவில்லை. மாறியிருந்தால் கேபினோடு அவரையும் நசுக்கியிருக்கும். அதிலிருந்து அவர் எங்கள் வீட்டில் ஒருவராகிவிட்டார்.

அந்தச் சொல் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எனக்குக் கல்யாணமாகி நெமிலிச்சேரிக்குப் போன புதிதில், அப்பா என் மாமியாருக்குப் போன் செய்து, "பொண்ணு குந்திச்சுங்களா?" என்று கேட்டுவிட்டார். மாமியாருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, நம்ம வீட்டுல உக்கார நாற்காலி இல்லன்னா உங்கப்பா நினைக்காரு?" என்றார். புது வீட்டில் என் மனசு ஊன்றிவிட்டதா என்றுதான் அப்பா கேட்கிறார் என்று விளக்கிச் சொன்னேன். பிறகு அவரே எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். கல்யாணத்தன்று வந்து வாழ்த்தியவர்கள் ஏராளம். ஆரவாரம் அடங்கிய பிறகு நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டவர் அப்பா. அந்த அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் அப்பாவின் இதயம் தளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அம்மாவிடம், "நான் பூட்டா நீ குந்திக்குவியா?" என்று கேட்டார். "சும்மா கெட" என்றார் அம்மா. அம்மாவிடம் அப்பா கேட்ட கடைசிக் கேள்வி அதுதான்.

காரியம் முடியும் வரை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அதன் பிறகுதான் எங்களுக்குப் பயம் பிடித்தது. அம்மா அழவில்லை. அடுப்பு மூட்டவில்லை. டீயும் பிஸ்கட்டுமாக நாளைத் தள்ளினார். என் வீட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். நான் கொண்டுபோன சாப்பாடு மூடியபடியே இருக்கும். நாளுக்கு நாள் உடம்பு உருகியது. அப்பாவின் பின்னாலேயே அம்மாவும் போய்விடுவார் என்று நான் உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு சாதாரண நாளில் சேகர் அண்ணன் மனைவியோடு வந்தார். நானும் அங்கே இருந்தேன். துக்கம் விசாரிக்கிற முகமாக இல்லை. அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்து, "அம்மா, குந்திச்சா?" என்றார்.

அம்மா அவரையே பார்த்தார். "இல்லப்பா. தளந்து கீது" என்றவர் உடைந்து அழுதார். வெகுநேரம் அழுதார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெறும் வயித்தோட வந்துகீறீங்களா?" என்று கேட்டு, எழுந்து போய் உலை வைத்தார். அன்று அவர்களோடு உட்கார்ந்து அம்மாவும் சாப்பிட்டார். நான் சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், மாலை கொண்டு வந்தவர்களுக்கும், பந்தல் போட்டு, தோள் கொடுத்து, சுடுகாடு வரை நடந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அதற்குப் பிறகும் வந்தீர்களே, யாரும் கூப்பிடாமல், எந்தச் சடங்கும் இல்லாத நாளில் கதவைத் தட்டி அம்மாவைச் சாப்பிட வைத்தீர்களே, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குச் சொல் போதவில்லை. அப்பாவின் வேலையை நீங்கள் செய்தீர்கள்.

இதை எழுதப் போவதாகச் சொன்னபோது அம்மாவிடம் நானே கேட்டேன், குந்திச்சா என்று. கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னார்: "முக்காவாசி குந்திச்சு. எல்லாரையும் இன்னொரு தபா வந்து பாக்கச் சொல்லு."